அவர் பில் கட்டினார் என்றால் நான் கடன்பட்டவளா?

டேட்டிங் போனால் யார் பில் கட்ட வேண்டும் என்றுதான் உங்கள் கேள்வி தொடங்குகிறது. ஆனால் முழுக்கப் படித்தால் நீங்கள் கேட்க வந்தது வேறு என்று தெரிகிறது. உங்களுக்கு 26 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஊர், ஓ.எம்.ஆர். சாலையில் வேலை, பிஜியில் தங்கியிருக்கிறீர்கள். ஒரு ஆப் மூலம் பழக்கமானவரை நான்கு முறை சந்தித்தீர்கள். நான்கு முறையும் அவரே பணம் கட்டினார். இரண்டு முறை நீங்கள் பாதி தருவதாகச் சொல்லியும் ‘அட, விடுங்க’ என்று தடுத்துவிட்டார். நான்காவது முறை சாப்பிட்டு வெளியே வந்ததும் தன் ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டார், நீங்கள் வரவில்லை என்றீர்கள். அன்றிரவே மெசேஜ் வந்தது: ‘உனக்காக இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன், நல்லா யூஸ் பண்ணிக்கிட்ட.’ மொத்தம் ஆறாயிரம் ரூபாய் இருக்கும், ஜிபேயில் அனுப்பிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து அவரே ஸாரி சொல்லி மறுபடி சந்திக்கலாமா என்று கேட்டதையும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். ஆக, உங்களை உறுத்துவது ஹோட்டல் பில் இல்லை. அவர் காசில் சாப்பிட்டதால் அவருக்கு ஏதோ தர வேண்டியவளாகிவிட்டேனோ என்பதுதான்.

இல்லை, ஆகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சென்னையில் பல வருடங்களாகத் தம்பதிகளுக்கும், கல்யாணத்துக்கு முன் பழகுகிறவர்களுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். என் முன்னால் உட்கார்ந்து சண்டை போடுகிறவர்களில் பெரும்பாலோர் பணத்தைப் பற்றிப் பேசும்போது பணத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். உங்கள் விஷயத்தில் ஒரு பக்கக் கதையைத்தான் கேட்டிருக்கிறேன். அதனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அனுப்பிய மெசேஜுக்குள் ஒரு வாதம் இருக்கிறது. அது தப்பான வாதம், அது ஏன் தப்பு என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் அதில் குழப்பம் குறைவு. நான் வக்கீல் இல்லை. ஆனால் என் வேலைக்கு இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 63-வது பிரிவு, சம்மதம் என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒரு பெண் குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு, சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ, ஐயத்துக்கு இடமில்லாமல் தானாக முன்வந்து தெரிவிக்கும் ஒப்புதல்தான் சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அங்கேயே இருக்கிறது. 2013-இல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த விளக்கம் இது, புதிய சட்டத்திலும் அப்படியே வந்திருக்கிறது. ‘குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு’ என்பதைக் கவனியுங்கள். சாப்பிட வரச் சம்மதித்தது சாப்பிட வர மட்டும்தான். பைக்கில் ஏறியது பைக்கில் போக மட்டும்தான். ஒருவேளை அவர் ஃபிளாட்டுக்கே நீங்கள் போயிருந்தாலும், அது அவர் வீட்டைப் பார்க்கச் சம்மதித்ததாகத்தான் ஆகியிருக்கும்.

பணம் பற்றியும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கடன் என்றால் திருப்பித் தருவதாக முன்கூட்டியே ஒரு பேச்சு இருக்க வேண்டும். நீங்கள் பாதி தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று தடுத்தவர், அது கடன் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். மனமுவந்து கொடுத்து, வாங்கியவரும் ஏற்றுக்கொண்ட அன்பளிப்பை, கொடுத்தவர் மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திரும்பக் கேட்க முடியாது என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலிருந்தே இருக்கும் நிலை. சரி, அன்பளிப்பு இல்லை, ஒரு பரஸ்பர எதிர்பார்ப்பில் செய்த செலவு என்று அவர் வாதிட்டால்? உடலுறவை எதிர்பார்த்துச் செய்த ஒப்பந்தம் என்று அவரே சொன்னதாக ஆகும். நெறிக்குப் புறம்பான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவில் சொல்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் மேல் கடன் எதுவும் நிற்கவில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது உங்களுக்கு ஏன் குற்ற உணர்வு வருகிறது? நீங்கள் பலவீனமானவர் என்பதால் இல்லை. நாம் வளர்ந்த ஊர்களில் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு நாணயம் உண்டு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கக் கிராமங்களில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வாங்கியவர், செய்தவர் வீட்டு முறை வரும்போது அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் பெயர் கெடும். யாருடைய கையிலிருந்தும் ஒன்றை வாங்கிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்ற பழக்கம் நம் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. அதனால்தான் ஆறாயிரம் ரூபாய் உங்களைத் தூங்கவிடவில்லை. ஆனால் மொய்யில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கணக்கு இரண்டு தரப்புக்கும் தெரியும். திருப்பித் தர வேண்டும் என்பது வாங்கும்போதே தெரியும். பணமாக வந்தது பணமாகவே திரும்பும், மொய்ப்பணத்துக்குப் பதிலாக உன் வீட்டுப் பெண்ணை அனுப்பு என்று யாரும் கேட்பதில்லை. உங்களிடம் அவர் காட்டிய கணக்கில் இந்த மூன்றுமே இல்லை. நோட்டு அவர் மனதுக்குள் மட்டும் இருந்தது. செலவு பண்ணும்போது மூடிவைத்திருந்தார், நீங்கள் மறுத்த பிறகு திறந்தார். பணமாகப் போனதை வேறொன்றாகத் திருப்பிக் கேட்டார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பல வருடங்களாக இதைக் கேட்டுக்கேட்டு எனக்கு மெல்ல உறைத்த விஷயம் இது, நான் சொல்ல நினைப்பதில் இதுதான் முக்கியம். டேட்டிங்கில் பணம் ஆணிடமிருந்து பெண்ணுக்காகப் போகிறது. அதனால் பெண் கடன்பட்டவள் என்கிறார்கள். சரி, பெரியவர்கள் பார்த்துவைக்கும் கல்யாணத்தில் என்ன நடக்கிறது? பெண் பார்க்க வரும் நாளில் பஜ்ஜி, கேசரியிலிருந்து செலவு பெண் வீட்டுடையது. நகை, பாத்திரம், சில இடங்களில் மண்டபம், மாப்பிள்ளைக்கு வண்டி வரைக்கும் பெண் வீட்டிலிருந்து போகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல், அதற்குப் பிறகும் ‘உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது’ என்ற பெயரில் போய்க்கொண்டேதான் இருக்கிறது. கொடுத்தவருக்குத்தான் உரிமை என்பது உண்மையாக இருந்தால், இங்கே பெண் வீடு அல்லவா மாப்பிள்ளை மேல் உரிமை கொண்டாட வேண்டும்? இவ்வளவு செலவு பண்ணினோம், இனி நாங்கள் சொல்கிறபடி நீங்கள் நடக்க வேண்டும் என்று எந்த மாமனார் சொல்கிறார்? அங்கேயும் தலைகுனிந்து நிற்பது பெண் வீடுதான், அனுசரித்துப் போக வேண்டியவள் பெண்தான். அதற்கும் முன்னால், நம் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்துத்தான் கல்யாணம் செய்தது. போன நூற்றாண்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரதட்சணையானது. பணம் போகும் திசை தலைகீழாக மாறியபோதும் கடன் மட்டும் பெண் மேலேயே இருந்தது. ஆகவே அவர் கட்டிய பில்லிலிருந்து இந்தக் கடன் பிறக்கவில்லை. கடன் முதலிலேயே உங்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, பில் அதற்கு ஒரு சாக்காகக் கிடைத்திருக்கிறது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. ‘டேட்’ என்ற ஏற்பாடே வந்த அமெரிக்காவைப் பாருங்கள். 1900-ஐ ஒட்டிய வருடங்களில் நியூயார்க்கின் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலைக்குப் போன இளம்பெண்களுக்கு ஆண்களைவிட மிகக் குறைந்த கூலி. அந்தக் கூலியையும் பலர் உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்தார்கள், அண்ணன் தம்பிகள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டார்கள். அதனால் நடன அரங்குக்கோ கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவுக்கோ போக வேண்டுமென்றால் ஓர் ஆண் செலவு செய்தால்தான் முடியும். அந்தச் செலவுக்கு ஈடாக நெருக்கத்தை எதிர்பார்க்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. அதற்கு முன் நடுத்தரக் குடும்பங்களில் பையன் பெண்ணின் வீட்டுக்கே போய், வரவேற்பறையில் அவள் அம்மா கண்முன்னே உட்கார்ந்து பேசிவிட்டு வருவான். செலவு ஒரு கோப்பைத் தேநீர், அதுவும் பெண் வீட்டுடையது. சந்திப்பு வீட்டை விட்டு நகரத்துக்குள் நகர்ந்ததும், நகரத்தில் ஒவ்வொன்றுக்கும் காசு தேவைப்பட்டதும், அந்தக் காசு ஆணிடம் இருந்ததும்தான் ‘ஆண் கட்டுவான்’ என்ற வழக்கத்தின் வேர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பிஜி பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டு, தம்பி படிப்புக்கும் தன் நகைச்சீட்டுக்கும் போக மிச்சத்தில் மாதத்தை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! நீங்களும் வீட்டுக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைவிட உங்கள் கையில் காசு குறைவாக இருந்ததற்கு நீங்கள் யாரையும் பயன்படுத்திக்கொண்டது காரணமில்லை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டால், இரண்டைச் சொல்லலாம். இரண்டும் அமெரிக்காவில் செய்தவை, அப்படியே சென்னைக்குப் பொருத்திவிடக் கூடாது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் கற்பனையான சில டேட்டிங் சூழ்நிலைகளைக் கொடுத்து, அந்தப் பெண்ணை அவன் வற்புறுத்தி உறவு கொள்வது எவ்வளவு நியாயம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். செலவை ஆணே செய்திருந்தால் ‘நியாயம்’ என்ற மதிப்பீடு கூடியது. பெண்களைப் பற்றிப் பழமையான எண்ணம் கொண்ட மாணவர்களிடம் இந்தப் போக்கு பலமாக இருந்தது. படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிற முடிவு. பில் கட்டியவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டிய பணம் சிலர் மனதில் உரிமையாக மாறுகிறது, அதைப் பார்க்கிற மற்றவர்கள் மனதிலும் அப்படித்தான் பதிகிறது என்பதுதான் அர்த்தம். நீங்களே உங்களைக் குற்றவாளியாகப் பார்ப்பதும் இதன் ஒரு பகுதி.

இன்னொன்று 2015-இல் வெளியானது. கல்யாணமாகாத 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. பெரும்பாலான செலவைத் தாங்களே செய்வதாக ஆண்களில் 84 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆண்தான் பெரும்பாலும் செலவு செய்கிறார் என்று ஒப்புக்கொண்ட பெண்கள் 58 சதவீதம் மட்டுமே. அவரவர் கொடுத்தது அவரவருக்கு நன்றாக நினைவிருக்கிறது! பாதி தர முன்வருவதாகப் பெண்களில் 57 சதவீதம் பேர் சொன்னார்கள், ஆனால் அதை ஆண் ஏற்காமல் மறுத்துவிட வேண்டும் என்று உள்ளூர விரும்பியதாக 39 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆண்களிலோ, பெண்ணும் பங்கு தர வேண்டும் என்று நினைத்தவர்கள் 64 சதவீதம், அப்படி அவள் தருவதை வாங்கும்போது குற்ற உணர்வு வருகிறது என்றவர்கள் 76 சதவீதம். இரண்டு பக்கமும் வாயால் ஒன்று சொல்லி மனதில் வேறொன்றை வைத்திருக்கிறது. இந்த எண்கள் நமக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, இந்தக் குழப்பத்தை மட்டும் நான் வாரம் தவறாமல் என் அறையில் பார்க்கிறேன்.

இதைக் கேட்டதும் பல பெண்கள் எடுக்கும் முடிவு, இனிமேல் எப்போதும் என் பாதியை நானே கட்டிவிடுவேன், அப்போது யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது என்பது. பாதி கட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் காரணத்துக்காகச் செய்யாதீர்கள். பாதி கட்டினால்தான் மறுக்கும் உரிமை வரும் என்று நீங்கள் நினைத்தால், கட்டாத அன்று அந்த உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. மறுப்பதற்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ஒரு ரூபாய்கூடப் போடாமல் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் உங்கள் ‘வேண்டாம்’ முழுமையான வேண்டாம்தான். நடைமுறையிலும் பாதி கட்டுவது யாரையும் காப்பாற்றிவிடுவதில்லை. சரிபாதி செலவு செய்த பெண்ணிடம், ‘இவ்வளவு நாள் பழகிட்டு இப்போ என்ன’ என்று நேரத்தைக் கணக்குக் காட்டியவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வற்புறுத்த நினைக்கிறவருக்குப் பில் இல்லாவிட்டால் வேறொன்று கிடைத்துவிடும். மறுபக்கம், உங்களுக்கே நெருக்கம் வேண்டும் என்று தோன்றினால், அவர் செலவு செய்தார் என்பதற்காக அதை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம், காசுக்காகப் போனேனோ என்று பிறகு உங்களை நீங்களே துருவிக்கொள்ளவும் வேண்டாம். விருப்பம் உங்களுடையதா என்பது மட்டும்தான் கேள்வி.

இப்போது ஆண்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை. முப்பதாயிரம் சம்பளத்தில் நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கி, ஊருக்கும் அனுப்பிக்கொண்டு, ஒரு மாலைச் சந்திப்புக்கு இரண்டாயிரம் செலவழிக்கும் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு அடுத்த மாதம் தவிக்கிறார்கள். ‘பொண்ணுகிட்ட காசு வாங்குறதா?’ என்று வளர்க்கப்பட்டவர்கள், அதனால் பாதி கேட்க வாய் வராது. கேட்டால் கஞ்சன் என்று நினைப்பாளோ என்ற பயம். ஆப்பில் பழகி ஏமாந்த கதைகளும் அவர்கள் காதில் விழுகின்றன. 2024-இல் டெல்லியில், சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்த ஒருவரை ஆப்பில் பழகிய பெண் ஒரு கடைக்கு அழைத்துப்போய், லட்ச ரூபாய்க்கு மேல் பில் போட்டு மிரட்டி வாங்கிய வழக்கு செய்திகளில் அடிபட்டது. எப்போதும் வாங்கிக்கொண்டு ஒருமுறைகூடப் பையைத் திறக்காத பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படி நடந்தால் ஓர் ஆண் என்ன செய்யலாம்? அடுத்த முறை நீ கட்டு என்று நேராகச் சொல்லலாம். செலவு குறைந்த இடத்துக்குக் கூப்பிடலாம். ஒத்துவரவில்லை என்று விலகிவிடலாம். இது எல்லாமே அவர் உரிமை, யாரும் தப்புச் சொல்ல முடியாது. செய்த செலவுக்கு ஈடாக ஒரு பெண்ணின் உடம்பைக் கேட்பது மட்டும் இந்தப் பட்டியலில் வராது. உங்களைச் சந்தித்தவருக்கு மனம் புண்பட்டிருக்கலாம், நிராகரிப்பு வலிக்கத்தான் செய்யும். வலியை வலியாகச் சொல்லியிருந்தால் நானே அவர் பக்கம் பேசியிருப்பேன்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, பணப் பேச்சு எப்போது வந்தது என்பது. முதல் மூன்று சந்திப்பில் அவர் தொகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீங்கள் பாதி தர வந்தபோதும் பெருந்தன்மையாக மறுத்தார். நீங்கள் வரவில்லை என்று சொன்ன சில மணி நேரத்தில் கணக்கு வந்துவிட்டது. பணம்தான் அவருக்குப் பாரமாக இருந்தது என்றால் முதலிலேயே பேசியிருக்க இடம் இருந்தது, நீங்களே அதற்கு வழியும் செய்துகொடுத்தீர்கள். மறுப்புக்குப் பிறகு வரும் கணக்கு, அந்த மறுப்புக்கு விலை வைக்கும் முயற்சி. இதிலிருந்து அவர் குணத்தை முழுதாகக் கணிக்க முடியாது. ஒரு நாள் ஆத்திரத்தில் கேவலமாக எழுதிவிட்டு உண்மையாகவே வெட்கப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் இது ஒரு அடையாளம், இதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியானால் யார்தான் கட்டுவது? இதற்கு ஒரே விதி என்று எதுவும் கிடையாது, இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. யார் கூப்பிட்டார்களோ அவர் கட்டுவது ஒரு முறை. மாற்றி மாற்றிக் கட்டுவது இன்னொன்று. பாதி பாதி வேறொன்று. ஆண் கட்டுவதுதான் பிடித்திருக்கிறது என்று இருவரும் மனதார நினைத்தால் அதிலும் தப்பில்லை. என் அனுபவத்தில், முதல் சந்திப்புக்கு மாற்றி மாற்றிக் கட்டுவதைவிடப் பாதி பாதி சௌகரியம், ஏனென்றால் இரண்டாவது சந்திப்பு நடக்குமா என்றே தெரியாது. பழக்கம் தொடர்ந்தால் மாற்றி மாற்றிக் கட்டுவது நல்லது. ஒவ்வொரு காபிக்கும் நாற்பது ரூபாயை ஜிபேயில் அனுப்பிக்கொண்டிருந்தால் நெருக்கம் வராது. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் சரிபாதி என்பது சரியான பாதி இல்லை. ஒருவருக்கு முப்பதாயிரம், இன்னொருவருக்கு அறுபதாயிரம் என்றால், பொதுச்செலவில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று பிரிப்பது நியாயம். இடத்தையும் குறைவாகச் சம்பாதிப்பவரின் பையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதில் ஆண் பெண் என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னிடம் வரும் ஒருபால் ஜோடிகளுக்கு ‘ஆண் கட்டணும்’ என்ற விதி கிடையாது, அவர்களிடமும் அதிகம் சம்பாதிப்பவர் ‘நான்தானே எல்லாம் செய்றேன்’ என்று ஆரம்பிக்கும்போது இதே சிக்கல் வந்துவிடுகிறது.

எந்த முறையானாலும், பில் மேஜைக்கு வந்த பிறகு பேசாதீர்கள். எங்கே போகலாம் என்று பேசும்போதே, ‘செலவைப் பிரிச்சுக்கலாம், எனக்கு அதுதான் வசதி’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். சிரிப்புக்குறி போட்டு மழுப்ப வேண்டாம். அவர் ‘அட, விடுங்க’ என்றால், ‘சரி, அடுத்த தடவை என்னுது’ என்று சொல்லி, அடுத்த தடவை நிஜமாகவே கட்டுங்கள். கட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். இயல்பாக நன்றி சொல்கிறவரோடு பின்னால் பல விஷயங்களைப் பேசித் தீர்க்கலாம். ஒருபோதும் உங்களைக் கட்டவிடாமல், தான் கட்டியதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதல் சில சந்திப்புகளைச் சிறிதாக, செலவு குறைவாக, வெளிச்சமான இடத்தில் வைத்துக்கொள்வது இரண்டு பேருக்குமே நல்லது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு சாயங்காலம், ஒரு ஃபில்டர் காபி, ஜனவரி என்றால் புத்தகக் காட்சி. ஒரு மணி நேரத்தில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் எழுந்து போவதும் எளிது. திரும்பி வரும் வழியை எப்போதும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பாதுகாப்புக்காக ஓ.எம்.ஆர். வரைக்கும் கேபுக்குக் கொடுக்கும் முந்நூறு, நானூறு ரூபாயும் டேட்டிங் செலவுதான். பில்லில் வராததால் அதை யாரும், நீங்களே கூட, கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆறாயிரம் ரூபாய்க்கு வருகிறேன். அனுப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முதலில், மொத்தத் தொகை என்பதே தப்புக் கணக்கு, அவர் சாப்பிட்டதற்கும் சேர்த்து நீங்கள் ஏன் தர வேண்டும்? உங்கள் பங்கு மூவாயிரம். அதை அனுப்பினால்தான் எனக்கு நிம்மதி என்று தோன்றினால், கையில் காசும் இருந்தால், அனுப்புங்கள், அது உங்கள் நிம்மதிக்காக. ஒரே தவணையாக அனுப்புங்கள், ‘சாப்பாட்டில் என் பங்கு’ என்று மட்டும் குறிப்பு போடுங்கள், மன்னிப்பும் விளக்கமும் சேர்க்காதீர்கள். ஆனால் நீங்கள் மறுத்தது பற்றி அவர் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தால் அனுப்பாதீர்கள். அந்த நிலையில் பணம் போனால் பேச்சு முடியாது, அவர் கணக்கு சரிதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த மெசேஜ் வரும். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்திலிருந்தோ யாரிடமாவது கடன் வாங்கியோ அனுப்புவது என்ற எண்ணமே வேண்டாம்.

மறுபடி சந்திக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் ஸாரி எதற்கு என்று பாருங்கள். ‘கோபத்துல எழுதிட்டேன், ஆனா நீயும்...’ என்று நீண்டால் அது மன்னிப்பு இல்லை. ‘செலவைச் சொல்லிக் காட்டினது தப்பு, நீ வரலன்னு சொன்னது உன் இஷ்டம்’ என்ற அளவில் இருந்தால் யோசிக்கலாம். சந்திக்க விரும்பினால் பகலில், பொது இடத்தில், உங்கள் பங்கை நீங்கள் கட்டும் ஏற்பாட்டோடு சந்தியுங்கள். பிஜியில் ஒரு தோழிக்கு இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். விரும்பாவிட்டால், ‘இனி சந்திக்க விருப்பமில்லை, தொடர்பு கொள்ள வேண்டாம்’ என்று ஒரு முறை தெளிவாக எழுதி நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டாலோ பின்தொடர்ந்தாலோ அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் வரும் குற்றம். உங்கள் தெளிவான மறுப்பு எழுத்தில் இருப்பது அப்போது உதவும். எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள், அந்த முதல் மெசேஜையும் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படத்தையோ பேச்சையோ வெளியிடுவேன் என்று மிரட்டினால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். பெண்களுக்கான உதவி எண் 181, உடனடி ஆபத்து என்றால் 112. இது எதுவும் தேவைப்படாமலும் போகலாம், ஆனாலும் எண்களை இன்றைக்கே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.